முதல் ஓம் மரியாதைக்கு

உன் சுழியோடி உடுப்பை இன்று மத்தியானம் அலுமாரியிலிருந்து வெளியே எடுத்தேன். எடுத்ததும் அறை முழுக்க உன் மணம். நீ பூசுகிற வாசனைத் தைலத்தைச் சொல்லவில்லை. ரப்பரும் உப்பும், எத்தனை முறை அலசினாலும் போகாத அந்தக் கடற்புல் வாடையும். அடுப்படியில் நின்ற அம்மா, "என்ன மணக்குது, கருவாடோ?" என்று கேட்டுக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். உடுப்பைக் கண்டதும் திரும்பிப் போய்விட்டார். பிறகு வெகுநேரம் தண்ணீர்க் குழாய் சும்மா ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

எடுத்தது மதுவுக்காக. நாளைக் காலை மதுவுக்கு முதல் கடல் இறக்கம். மதுவும் உன் உயரம், உன்னைப் போலவே ஒடிசல். வாடகைக்குக் கொடுக்கிற உடுப்புகள் இந்த மாதிரி உடம்புக்குத் தோளில் தொளதொளவென்று நிற்கும், குளிர் உள்ளே புகுந்துவிடும். ஆனால் உண்மைக் காரணம் அதுவல்ல. உடுப்பைக் கொண்டுபோய்க் கொடுக்கும் சாட்டில் மதுவை நேரில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நேற்றுப் பின்னேரம் தொலைபேசியில் கேட்ட குரல் எனக்குப் பிடிக்கவில்லை. மூக்கு அடைத்த குரல். "தடிமனோ?" என்று கேட்டேன். "ஓம் அக்கா, ஓகே அக்கா, ஒண்டுமில்லை" என்று ஒரே மூச்சில் ஆம் என்றும் இல்லை என்றும் மூன்று பதில் வந்தது.

மதுவை உனக்குத் தெரியாது. நீ போன பிறகு வந்தவர். பலெர்மோ நகரத்துப் பிரான்காச்சோவில் அடுக்குமாடியில் குடும்பம், யாழ்ப்பாணத்து ஆட்கள். தகப்பன் ஓர் உணவகத்தின் அடுப்படியில் வேலை செய்கிறார். மது தன்னை ஆண் என்றும் சொல்வதில்லை, பெண் என்றும் சொல்வதில்லை. அவன், அவள் இரண்டும் வேண்டாம், அவர் என்றே சொல்லுங்கள் என்று முதல் நாளே கேட்டுக்கொண்டார். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, இருபது வயதிலேயே மரியாதை கேட்கிறதா என்று சிரித்தார். மறுநாள் பிசகாமல், "மது சாப்பிட்டவரோ?" என்று விசாரித்தார். தமிழில் மரியாதைச் சொல் இருப்பது இப்படி ஒரு பிள்ளைக்கு வீடாகும் என்று உனக்கு உடனே சொல்ல வேண்டும் போலிருந்தது. தொலைபேசியைக் கையில் எடுத்தும்விட்டேன். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை.

வழிகாட்டும் திட்டத்தில் நீ இருந்த கதிரையில் இப்போது நான் இருக்கிறேன். கடலறிவியலில் எங்கள் நிறத்து ஆட்கள் குறைவு. அதிலும் பெண்கள், உன்னைப் போன்ற திருநங்கைகள், மதுவைப் போன்றவர்கள் என்றால் ஐரோப்பா முழுக்கத் தேடினாலும் ஒரு படகுக்குள் அடங்கிவிடுவோம் என்று நீ சொல்வாய். திட்டக்காரர் அப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடித்து, ஒரு வருடத்துக்குப் படிப்புச் செலவும் சுழியோடும் பயிற்சியும் கொடுத்து, அதே வழியில் முன்னால் போன ஒருவரைத் துணைக்கு விடுகிறார்கள். துணைக்கு நிற்பவருக்கும் கூலி உண்டு. அதுதான் உனக்குப் பிடித்த இடம். "எங்களை மாதிரி ஆக்களிட்டை எல்லாத்தையும் அன்புக்குச் செய்யச் சொல்லுவாங்கள் அக்கா. இவங்கள் வேலையாய்ச் செய்யச் சொல்லுறாங்கள்" என்றாய்.

முதல் முறை உன்னைச் சந்திக்க வந்த நாள் ஞாபகம் இருக்கிறது. எனக்கு வழிகாட்டியாக வருகிறவர் ஐம்பது வயதுப் பேராசிரியையாக இருப்பார் என்று நினைத்து, அம்மாவின் நல்ல கைப்பையைக் கொண்டுவந்திருந்தேன். பல்கலைக்கழகத்துக்கு எதிரேயிருந்த கோப்பிக் கடையில் என்னைவிட ஏழெட்டு வயது இளையவளாக, காதில் பெரிய வளையங்களோடு நீ எழுந்து நின்று, "வாங்கோ அக்கா" என்றாய். பணக்காரர் இருக்கிற லிபெர்த்தாத் தெருவில் அம்மாவோடு வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டே பாதி வயதில் பட்டப்படிப்புக்குச் சேர்ந்தவள் நான். பலெர்மோவில் பிறந்து, வீட்டோடு முறிந்து, வடக்கே போய்ப் படித்து, பெரிய ஆராய்ச்சிக்காரியாகத் திரும்பியவள் நீ. யாருக்கு யார் வழிகாட்டி என்று கேட்டேன். "வழிகாட்டி எண்டுறது றோட்டிலை நிக்கிற பலகை அக்கா. அது தான் ஒரு இடமும் போகாது. நான் கூட வாறன்" என்றாய். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வந்தது. இவ்வளவு சின்னப் பெண் இவ்வளவு அழகாகக் கதைக்கக் கூடாது.

பிறகொரு ஞாயிற்றுக்கிழமை ஒரேத்தோவில் எங்கள் வீட்டுக்கு வந்தாய். அம்மா மாதா கோவிலால் வந்து சேலை மாற்றாமல் இருந்தார். பூசையில் பக்கத்தில் இருக்கும் மன்னார்ப் பெண்கள் உன்னைப் பற்றி என்னென்ன கதைத்திருந்தார்களோ, வாசலில் உன்னைக் கண்டதும் அவருக்குக் கை கால் ஓடவில்லை. தம்பியா, தங்கச்சியா என்று அவர் வாய் தடுமாறியது எனக்குத் தெரிந்தது. உனக்கும் தெரிந்திருக்கும். கடைசியில், "பிள்ளை, தேத்தண்ணி குடிக்கிறியோ?" என்று கேட்டார். பிள்ளை என்ற சொல்லுக்குள் எல்லோரையும் போட்டுவிடலாம் என்று அந்த நொடியில் அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

நீ, "வேண்டாம் அன்ரி, இப்பதான் குடிச்சனான்" என்றாய். அது முழுப் பொய். முதலில் வேண்டாம் என்று சொல்வது எங்கள் ஆட்களின் மரியாதை, அதற்குப் பிறகு இன்னொரு முறை கேட்பது வீட்டுக்காரரின் மரியாதை. அம்மா கேட்டார். "ஒரு வாய் குடியன்." நீ குடித்தாய். போகும்போது படிக்கட்டில் நின்று, எங்கள் ஆட்களின் வீடுகளில் யாரும் உன்னை இரண்டாம் தரம் கேட்டுப் பல வருடம் ஆகிறது என்று சொன்னாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய்.

கடலுக்குள் நடந்த கூத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கம். மொண்டெல்லோக் கடற்கரைக்கு அப்பால், கப்போ கல்லோவின் பாறைகளுக்குக் கீழே, எனக்கு முதல் இறக்கம். பயிற்சி கொடுத்தவர் சால்வோ, சுருட்டைத் தலை, பொறுமையான மனிதர். தண்ணீருக்குள் அவர் பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டினால், "சரியா?" என்று கேட்கிறார் என்று அர்த்தம். நானும் அதே வட்டத்தைத் திருப்பிக் காட்ட வேண்டும். பதற்றத்தில் கை வரவில்லை. தலை வந்தது. எங்கள் ஆட்கள் ஓம் என்பதற்குச் செய்கிற மாதிரி இடமும் வலமும் சாய்த்துச் சாய்த்து ஆட்டினேன். அவருக்கு அது காதுக்குள் ஏதோ கோளாறு என்று பட்டது. உடனே மேலே போகச் சொன்னார். மேலே வந்து ஒன்றுமில்லை என்றேன். மறுபடி இறங்கினோம், மறுபடி கேட்டார், மறுபடி ஆட்டினேன். இப்படியே நான் ஓம் ஓம் என்று சொல்லச் சொல்ல அந்த மனிதர் என்னைத் தூக்கித் தூக்கி மேலே கொண்டுவந்தார்.

படகில் இருந்த நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டாய். அது எங்கள் மொழியில் ஓம் என்று சால்வோவுக்கு விளங்கப்படுத்தினாய். அவர் அதற்கு, யோகாசன வகுப்பில் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற அந்த ஓமா, தண்ணீருக்குள் எதற்குத் தியானம் என்று கேட்டார். மூன்று பேரும் சிரித்தோம்.

ஆனால் கரைக்கு வந்ததும் உன் முகம் மாறிவிட்டது. கரையெல்லாம் கடற்புல் காய்ந்து மெத்தை மாதிரிக் கிடந்தது. அம்மா அதைச் சாதாளை என்பார். அதன்மேல் என்னை இருத்தி, உள்ளே உண்மையாகவே எப்படி இருந்தது என்று கேட்டாய். காது வலித்தது என்றேன். ஒரு முறை முகமூடிக்குள் தண்ணீர் வந்து, செத்தேன் என்றே நினைத்தேன் என்றும் சொன்னேன். அப்போதும் ஓம் என்றுதானே தலையாட்டினீர்கள் என்றாய். ஓம் என்றேன். மறுபடியும் ஓம்.

"அக்கா, நீங்கள் சொல்லுறது பதில் இல்லை, பழக்கம்" என்றாய். "வேலை வீட்டுச் சினியோராவுக்கு ஓம், விசாக் குடுக்கிற குவெஸ்தூராவிலை ஓம், பூசை வைக்கிற சாமிக்கு ஓம். தண்ணிக்குள்ளை அந்த ஓம் ஆளைக் கொல்லும்."

அன்றைக்கு நீ ஒரு விதி போட்டாய். முதல் ஓம் மரியாதைக்கு, அது கணக்கில் இல்லை. இரண்டாம் முறை கேட்டால் உண்மை சொல்ல வேண்டும். "தேத்தண்ணிக்கே ரெண்டு தரம் கேக்கிறம். மூச்சுக்கு ஒருக்காக் கேட்டாக் காணுமோ?" என்றாய். அதற்குப் பிறகு அந்த வருடம் முழுக்க அப்படித்தான். சதுரச் சட்டத்தைக் கடலடியில் வைத்துப் பொசிடோனியா என்ற அந்தக் கடற்புல்லின் தண்டுகளை எண்ணும்போதும், பேராசிரியர்கள் முன்னால் என் ஆய்வைப் பேசப் போகும்போதும், அறைக்குள் நான் ஒருத்திதான் கறுப்பு என்று தயங்கி நின்றபோதும், இரண்டு தரம் கேட்டாய். இரண்டாம் தரம் நான் உண்மை சொன்னேன். மேலே போவோம் என்று சொன்ன நாட்களும் உண்டு. போனோம். ஒருவரும் செத்துவிடவில்லை, ஒருவரும் என்னைத் திட்டத்திலிருந்து கலைத்துவிடவும் இல்லை. அது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

பிறகு மிலானோவில் கொஞ்சக் காலம் வேலை என்று புறப்பட்டாய். உடுப்பை என்னிடம் விட்டுவிட்டுப் போனாய். வடக்கே கடல் இல்லை, சும்மா பெட்டிக்குள் கிடந்து வெடிக்கும் என்றாய். கிழமைக்கு ஒருமுறை வழக்கம்போலத் திட்டத்துக்காகக் கணினியில் கதைத்தோம். உன் பக்கத்துப் படக்கருவி எப்போதும் பழுது. குரல் மட்டும்தான். குரல் மெலிந்துகொண்டே போனது. "நீ சுகமாய் இருக்கிறியோ?" என்று கேட்டேன். ஓம் என்றாய். முதல் ஓம் மரியாதைக்கு என்று எனக்குத்தான் தெரியுமே. மறுபடி கேட்டேன். "ஓம் அக்கா, நல்லா இருக்கிறன். உங்கட புள்ளிவிவரத்தைக் காட்டுங்கோ."

இரண்டாம் தரமும் ஓம் என்றாய். நீயே போட்ட விதி. நீயே உடைத்தாய்.

ஆய்வுக்கூடத்தில் இலைகளின் நீளத்தை அளந்துகொண்டிருந்தபோது உன் தங்கை தொலைபேசி எடுத்தாள். இரத்தத்தில் நோய் என்றாள். மிலானோவுக்குப் போனதே அதற்குத்தானாம். திட்டக்காரருக்குத் தெரிந்தால் எனக்கு வேறு ஆளை மாற்றிவிடுவார்கள், என் முதல் வருடம் குழம்பிவிடும் என்று யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றாயாம். நான் கையிலிருந்த இலையை மேசையில் வைத்துவிட்டு, எவ்வளவு நீளம் என்று எழுதினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அழுகை பிறகுதான் வந்தது. அழுகைக்குப் பின்னால் கோபம் வந்தது, அது இன்னும் போகவில்லை. யார் உன்னிடம் கேட்டார்கள், என் முதல் வருடத்தைக் காப்பாற்று என்று? ஊருக்கெல்லாம் உண்மை சொல்லப் பழக்கிவிட்டு, நீ மட்டும் என்ன பெரிய வீராங்கனையா?

அதனால்தான் மதுவின் ஓம் என்னை இப்படிப் போட்டு உருட்டுகிறது. இந்த மாத முடிவுக்குள் கடல் இறக்கம் முடியாவிட்டால் பயிற்சி தவறிவிடும், பயிற்சி தவறினால் இடம் அடுத்த ஆளுக்குப் போகலாம். அந்த இடம் மதுவுக்கு என்னவென்று எனக்குத் தெரியும். படிப்பை விட்டுவிட்டுத் தன்னோடு அடுப்படி வேலைக்கு வரச் சொல்கிறார் தகப்பன். திட்டத்திலிருந்து ஆள் வருவதையும் படிப்புச் செலவுக்குக் காசு வருவதையும் பார்த்துத்தான், இதுவும் ஒரு வேலைதான் போலும் என்று வாயை மூடியிருக்கிறார். மதுவுக்கும் அது தெரியும். ஆகவே மது என்ன வந்தாலும் ஓம் என்றுதான் சொல்வார். ஆனால் சளி அடைத்த காதோடு இறங்கினால் செவிப்பறை கிழியும். மருந்து போட்டு இறங்கினால் அதைவிட ஆபத்து, கடலடியில் மருந்தின் வேகம் தணிந்தால் ஏறி வரும்போது காற்றுக் காதுக்குள் மாட்டிக்கொள்ளும். இதையெல்லாம் மது படித்துப் பரீட்சையும் எழுதியவர். தெரிந்த பிள்ளைதான் ஒளிக்கும்.

பேருந்தில் உடுப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஜன்னலுக்கு வெளியே தெற்கிலிருந்து வரும் சிரோக்கோக் காற்று புழுதியை வாரி இறைத்தது. பக்கத்தில் இருந்த பெண் மூக்கைச் சுளித்து இரண்டு இருக்கை தள்ளிப் போய் இருந்தாள். சந்தோஷம். மடியில் உன்னை வைத்திருக்கிற மாதிரி இருந்ததால் எனக்கும் யாரும் பக்கத்தில் வேண்டியிருக்கவில்லை. என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துப் பார்த்து, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நடந்து திரும்பி வந்தேன்.

மதுதான் கதவைத் திறந்தார். கண் சிவந்திருந்தது. "அக்கா, தோடம்பழச் சாறு குடிக்கிறீங்களோ?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். சரி என்று போய்விட்டார். எனக்கு நல்ல தாகம். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு வேண்டாம் என்றால் வேண்டாம்தான், இரண்டாம் தரம் கேட்கத் தெரியாது. அந்த வேளையில்தான் எனக்கு உறைத்தது. இரண்டு தரம் கேட்கிற உன் விதி எங்கள் அம்மாமாரின் குசினியில் பிறந்த விதி. மதுவுக்கு அது செல்லுமா?

செல்லவில்லை. நாளைக்கு இறங்கச் சரியா என்று கேட்டேன். ஓகே என்றார். மறுபடி கேட்டேன். "ஓகே அக்கா. ஏன் கேட்டதையே கேக்கிறீங்கள்? என்னை நம்பேல்லையோ?" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டார். சால்வோவுக்குத் தொலைபேசி எடுத்து நானே நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். நிறுத்தினால் இனி இந்தப் பிள்ளை எதையும் எனக்குச் சொல்லாது. நிறுத்தாவிட்டால் நாளைக்கே என்ன நடக்குமோ. ஒன்றும் தோன்றாமல், முதலில் உடுப்பைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன்.

இடுப்பு வரை ஏற்றிக்கொண்டு, அளவாக இருக்கிறது என்று மது கண்ணாடியில் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இது உங்களுக்குத் துணையாய் நிண்ட அந்த அக்காவின்ரை எல்லோ? மிலானோவிலை இருக்கிறவ? அவவுக்குத் தேவைப்படாதோ?"

உன்னை எப்போதும் இருக்கிற ஆளாகவே மதுவிடம் கதைத்திருக்கிறேன். அவ இப்படித்தான் சொல்லுவா, அவவுக்கு இது பிடிக்காது என்று. ஒரு நாளும் இறந்தகாலம் என் வாயில் வரவில்லை. இப்போது மது என் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்லை" என்றேன். தேவைப்படாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்தச் சொல்லோடு நின்றுவிட்டது. பிறகு, "அவ இல்லை, மது" என்றேன்.

எப்படி என்று மது கேட்டார். நோய் என்றேன். கிழமைக்குக் கிழமை கேட்டேன், இரண்டு தரம் கேட்டேன், இரண்டு தரமும் ஓம் என்றாய் என்று சொன்னேன். நீ நலமில்லை என்று சொல்லியிருந்தால் உன் இடம் போயிருக்குமா என்று மது கேட்டார். தெரியாது என்றேன். அது உண்மை. எனக்குத் தெரியாது.

மது பாதி உடுப்போடு கட்டிலில் இருந்தார்.

"எனக்குக் காது ரெண்டும் அடைச்சுக் கிடக்கு அக்கா" என்றார். "மருந்து வாங்கி வச்சிருக்கிறன். போட்டுட்டு இறங்குவம் எண்டு நினைச்சன்."

சால்வோவுக்கு அங்கிருந்தே எடுத்துச் சொன்னேன். நல்லவேளை சொன்னீர்கள் என்றார், காது தெளிந்த பிறகு பார்க்கலாம் என்றார். திட்டக்காரருக்கு மதுவும் நானும் சேர்ந்து எழுதினோம். தவணை நீட்டச் சொல்லி, காரணத்தை மறைக்காமல். இதுவரை பதில் இல்லை. இடம் கிடைக்கலாம், போகவும் செய்யலாம். அந்தப் பயம் இதை எழுதும்போதும் இருக்கிறது. ஆனால் அது நேற்றைய பயம் இல்லை. இதை இரண்டு பேர் தூக்குகிறோம்.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது விதி என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். கேள், மறுபடி கேள். அது பாதிதான். நீ கேட்டாய், நான் சொன்னேன். நான் கேட்டேன், நீ சொல்லவில்லை. கேட்கிறவள் தன் பங்குக்கு ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நீ எனக்குக் காட்டவில்லை, உனக்கும் யாரும் காட்டியிருக்க மாட்டார்கள். அந்த மற்றப் பாதியை நான் இன்றைக்குத்தான் தடுக்கி விழுந்து கண்டுபிடித்தேன். கோபம் இருக்கட்டும். நன்றியும் இருக்கட்டும். இரண்டையும் வைத்துக்கொள்ள என்னிடம் இடம் இருக்கிறது.

புறப்படும்போது மது வாசல்வரை வந்தார். நீங்கள் சரியாக இருக்கிறீர்களா அக்கா என்று கேட்டார். நான் அந்த முதல் ஓமைச் சொல்லவில்லை. படியில் இருந்துவிட்டேன். மதுவும் பக்கத்தில் வந்து இருந்தார். இத்தனை மாதமும் யாரிடமும் சொல்லாததை, உன் பெயரைச் சொல்லித் தொடங்கினேன்.